நிலத்திலிருந்து எழும்புவது

என் மனைவியின் இடது மணிக்கட்டு முறிந்தபோது நான் அவளுக்கு இரண்டடி முன்னால் நடந்துகொண்டிருந்தேன். கொட்டாஞ்சேனைச் சந்தையில் மரக்கறி வாங்கிக்கொண்டு வீடு திரும்பும் வழி. காலை பத்து மணி இருக்கும். பின்னால் ஏதோ பை விழுந்த சத்தம் கேட்டது. பூசணித் துண்டு போட்டிருந்த பைதான் அறுந்துவிட்டது என்று நினைத்து, "கவனமாப் பிடிக்கிறதில்லையோ?" என்று கேட்டுக்கொண்டே திரும்பினேன். அவள் நடைபாதையில் கிடந்தாள்.

மழை பெய்திருக்கவில்லை. பள்ளமோ கல்லோ பழத்தோலோ எதுவும் இல்லை. நான் அந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். குற்றம் சொல்ல அங்கே ஏதாவது இருக்க வேண்டும் என்று தேடினேன். தட்டையான சீமெந்துத் தரை மட்டும்தான் இருந்தது. அதில் அறுபத்திரண்டு வயதான, ஒரு நோயும் இல்லாத, நேற்றுவரை எனக்கு முதல் எழும்பி வீட்டைக் கூட்டிய மனுசி, ஒன்றும் தடுக்காமலே விழுந்து கிடந்தாள். கை மணிக்கட்டில் விகாரமாக வளைந்திருந்தது. அவள்தான் கீழே கிடந்தபடி எனக்கு ஆறுதல் சொன்னாள்.

"ஒண்டுமில்லை. பயப்பிடாதேங்கோ. பையை எடுங்கோ முதல்."

ஆஸ்பத்திரியில் எலும்பைப் பொருத்தி மாக்கட்டுப் போட்ட டொக்டர், எழுதிக்கொண்டே கேட்டார்: "இதுக்கு முதல் எப்பவாவது விழுந்திருக்கிறீங்களோ?"

"இல்லை டொக்டர். இதுதான் முதல் தரம்."

நானும் சாட்சிக்காரன் போலத் தலையாட்டினேன்.

ஆறு கிழமைக்குப் பிறகு மாக்கட்டை வெட்டினார்கள். கையை மடக்கி நீட்டப் பழக வேண்டும் என்று வெள்ளவத்தையில் ஒரு பிசியோதெரபிஸ்டிடம் அனுப்பினார்கள். காலி வீதியிலிருந்து கடலுக்கு இறங்கும் ஒழுங்கைகளில் ஒன்றில், ஒரு வீட்டின் மேல்மாடியை மண்டபம் போலத் திறந்து வைத்திருந்தார் அந்தப் பெண். நாற்பது வயது இருக்கும். திருகோணமலைப் பக்கம். எல்லா ஆண்களையும் அங்கிள், எல்லாப் பெண்களையும் அன்ரி என்று கூப்பிடுவார். குரலில் மரியாதை இருக்கும், ஆனால் அதற்குள் ஒரு மேற்பார்வையாளரும் இருப்பார். ரயில் போகும்போது யன்னல் கண்ணாடிகள் அதிரும். அவர் அதுவரை பேச்சை நிறுத்தி, ரயில் போனதும் விட்ட சொல்லிலிருந்து தொடங்குவார்.

முதல் நாள் அவர் மனைவியின் கையைக் கொஞ்ச நேரம்தான் பார்த்தார். பிறகு கதிரையை இழுத்து முன்னால் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"அன்ரி, டொக்டருக்குச் சொன்னதை விடுங்கோ. நான் வேற மாதிரிக் கேக்கிறன். இந்த ஒரு வருசத்துக்குள்ள, நீங்கள் நினைக்காம உங்கட கையோ முழங்காலோ இடுப்போ நிலத்தில பட்டது எத்தினை தரம்?"

மனைவி தன் நகங்களைப் பார்த்தாள்.

"நாலு," என்றாள்.

"நாலா?" என்று கத்தியது நான்தான். சுவரோரம் வாங்கில் இருந்த நான் எழும்பியே விட்டேன். பிசியோ என் பக்கம் திரும்பவில்லை.

"முதல் தரம் எங்க அன்ரி?"

மாடிப்படி வளைவில். நாங்கள் இருப்பது லிஃப்ட் இல்லாத தொடர்மாடியின் இரண்டாம் மாடி. மொட்டை மாடியில் காய்ந்த துணிகளை அள்ளிக்கொண்டு இறங்கும்போது கால் படியைத் தவறவிட்டிருக்கிறது. துணிக்கு மேலேயே விழுந்ததால் அடியில்லை. உட்கார்ந்து, துணியை மடிக்கிற மாதிரி மடித்துவிட்டு, கைப்பிடியைப் பிடித்து எழும்பி வந்திருக்கிறாள். இரண்டாம் தரம் சந்தையில், கருவாட்டுக் கடைக்கு முன்னால். கடைக்காரர் "அம்மே, பரிஸ்ஸமின்" என்று சிங்களத்தில் கவனம் சொல்லிக்கொண்டு ஓடிவந்து தூக்கி, குடிக்கச் சோடாவும் வாங்கிக் கொடுத்திருக்கிறார். அந்த மனுசனிடம் நான் கிழமைக்கு ஒருமுறை கருவாடு வாங்குகிறேன். அவருக்குத் தெரிந்தது எனக்குத் தெரியாது.

"மூண்டாவது?"

"பாத்ரூமில." அவள் இப்போது என்னைப் பார்த்தாள். குறை சொல்லும் பார்வை இல்லை அது. மன்னிப்புக் கேட்கிற மாதிரி இருந்தது, அதுதான் என்னைக் கொன்றது. "இவர் மட்ச் பாத்துக்கொண்டிருந்தவர். நான் குளிச்சுப்போட்டுத் திரும்பேக்க சறுக்கிட்டுது. எழும்ப ஏலாமப் போச்சு. ரி.வி. சத்தம் கேட்டுக்கொண்டு கிடந்தன். அஞ்சாறு ஓவர் போட்டிருப்பாங்கள்."

"அங்கிளைக் கூப்பிடேல்லையோ?"

"அவர் கதவடிக்கு வந்தவர். தேத்தண்ணி போடேல்லையோ எண்டு கேட்டவர். நான் இந்தா வாறன் எண்டனான்."

அந்த நாள் எனக்கு நினைவிருந்தது. இலங்கை தோற்ற மட்ச். தேத்தண்ணி பிந்தித்தான் வந்தது. வந்த தேத்தண்ணியில் சீனி குறைவு என்று சொன்னதும் நினைவிருந்தது. ஈரத் தலையோடு அவள் மறுபடி குசினிக்குப் போய்ச் சீனிப் போத்தலை எடுத்து வந்ததும். ஐந்தாறு ஓவர் என்றால் இருபது, இருபத்தைந்து நிமிடம். ஒரு பலகைக் கதவுக்கு அந்தப் பக்கம் என் மனைவி நனைந்த நிலத்தில் கிடந்திருக்கிறாள். இந்தப் பக்கம் நான் நின்று தேத்தண்ணி கேட்டிருக்கிறேன். அவளும் பதில் சொல்லியிருக்கிறாள். குரலில் ஒரு வித்தியாசமும் இல்லாமல்.



பிசியோ அதற்கு மேல் கிண்டவில்லை. மனைவியை எழுப்பி நிற்கச் சொன்னார். பாதங்களைச் சேர்த்து, பிறகு ஒரு பாதத்தின் குதிக்கு முன்னால் மற்றப் பாதத்தை வைத்து, கயிற்றில் நிற்கிற மாதிரி, பிறகு ஒற்றைக் காலில். ஒற்றைக் காலில் அவள் இரண்டு விநாடிதான் நின்றாள். கைக்கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொண்ட பிசியோ என் பக்கம் திரும்பினார்.

"அங்கிள், நீங்களும் வாங்கோ."

"எனக்கொண்டும் இல்லை."

"இல்லையெண்டா நல்லம்தானே. சும்மா வாங்கோ."

நான் கொட்டாஞ்சேனையில் பிறந்தவன். யாழ்ப்பாணத்திலிருந்து துறைமுக வேலைக்கு வந்த அப்பாவைப் போலவே நானும் துறைமுகத்துக்குப் போனேன். முப்பத்திரண்டு வருடம் சரக்குக் கணக்குப் பார்க்கும் கிளார்க். கப்பல் ஆடும்போது, தொங்கும் ஏணியில், ஒரு கையில் பலகையும் காகிதமுமாக ஏறி இறங்கியவன். அதை அந்தப் பெண்ணுக்குச் சொன்னேன். கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன் என்று நினைக்கிறேன். கேட்ட செய்தியிலிருந்து வெளியே வர எனக்கு ஏதாவது ஒன்று தேவைப்பட்டது.

"அப்ப உங்களுக்கு இது விளையாட்டு," என்றார்.

வலது காலைத் தூக்கினேன். இடது கணுக்கால் உள்ளுக்குள் கிடுகிடுவென்று நடுங்கத் தொடங்கியது. நான் அதற்கு உத்தரவு கொடுக்கவில்லை. இடுப்பு ஒரு பக்கம் போனது, கைகள் இரண்டும் கோழிச் சிறகு மாதிரி அடித்தன, நான் யன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"நாலு விநாடி," என்றார்.

"சொக்ஸ் வழுக்குது."

"கழட்டுங்கோ."

கழற்றினேன். மூன்று விநாடி.

பிறகு இரண்டு பாதங்களையும் சேர்த்து வைத்துக் கண்ணை மூடச் சொன்னார். என்னைத் தொடாமல், ஆனால் கைகளை இரண்டு பக்கமும் பிடிக்கத் தயாராக வைத்துக்கொண்டு என் பின்னால் நின்றார். கண்ணை மூடினேன். இமை மூடிய அதே கணத்தில் மண்டபம் மெதுவாகச் சரியத் தொடங்கியது. என் பாதங்களுக்கு அவை எங்கே இருக்கின்றன என்று தெரியவில்லை. அறுபத்தாறு வயதில், பட்டப்பகலில், இரண்டு காலிலும் நின்றுகொண்டே நான் விழப்போகிறேன் என்று உணர்ந்தேன். கண்ணைத் திறந்தபோது சேட் வியர்வையில் முதுகோடு ஒட்டியிருந்தது.

"அங்கிள், நீங்கள் காலால நிக்கேல்ல. கண்ணால நிக்கிறீங்கள்," என்றார் பிசியோ. "கண்ணுக்கு ஒரு குறை வந்தா, இருட்டில எழும்பினா, நீங்களும் நிலத்திலதான். அன்ரி விழுந்து காட்டிட்டா. நீங்கள் இன்னும் விழேல்ல. அவ்வளவுதான் வித்தியாசம்."

நாங்கள் இரண்டு பேரும் செவ்வாயும் வெள்ளியும் காலை வகுப்பில் சேர்ந்தோம். பலன்ஸ் கிளாஸ் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். எட்டுப் பேர். அதில் கழுத்தில் ரை கட்டிக்கொண்டு வரும் பெரியவர் ஒருவர், வங்கியில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். முறிந்த இடுப்பெலும்பில் உலோகத் தட்டு வைத்து நடக்கிறவர். கையூன்றாமல் கதிரையிலிருந்து பத்துத் தரம் எழும்பி இருப்பது, நிலத்தில் ஒட்டிய நாடா மேல் குதியும் பெருவிரலும் தொட நடப்பது, நடக்கும்போதே தலையை இடமும் வலமும் திருப்பிச் சுவரில் ஒட்டிய எழுத்துகளை வாசிப்பது, சுருட்டிய துவாய்களைப் பக்கவாட்டில் தாண்டுவது. கேட்டால் பாலர் பள்ளி வேலை. செய்தால் தொடை எரியும்.

ஒரு பயிற்சி எனக்கு மறக்காது. நாங்கள் வரிசையாக நிற்போம். பிசியோ பின்னாலும் முன்னாலும் வந்து, சொல்லாமல் தோளில் ஒரு சிறு தள்ளுத் தள்ளுவார். விழாமல் சட்டென்று ஓர் எட்டு வைக்க வேண்டும். முதல் தடவை அவர் என்னைத் தள்ளியபோது எனக்குக் கோபம்தான் வந்தது. பள்ளிக்கூடத்துக்குப் பிறகு என்னை ஒருவரும் தள்ளியதில்லை. கோபம் வருவதற்குள் நான் ரை கட்டிய பெரியவரின் மேல் போய் விழுந்திருந்தேன். எட்டு வைக்க வேண்டும் என்ற செய்தி என் காலுக்குப் போய்ச் சேரவே இல்லை. மனைவி எட்டு வைத்தாள். இரண்டாவது கிழமையே வைத்தாள்.

ஐந்தாவது கிழமை ஒரு வெள்ளிக்கிழமை. பிசியோ பாய்களை விரித்துவிட்டுச் சொன்னார்: "இண்டைக்கு எல்லாரும் நிலத்துக்குப் போறம். விழாமப் பாக்கிறது ஒரு வேலை. விழுந்தா எழும்பிறது மற்ற வேலை. ரெண்டும் தெரிய வேணும்."

ஒருவரும் அசையவில்லை. எட்டு வளர்ந்த மனிதர்கள் அந்தப் பாய்களைக் கிணற்றைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டு நின்றோம். கடைசியாக எப்போது நிலத்தில் இருந்தேன் என்று யோசித்துப் பார்த்தேன். வீட்டில் கதிரை, கட்டில், சோபா. தேவாலயத்தில் வாங்கு. எனக்கு நினைவு வரவில்லை.

கதிரையைப் பிடித்துக்கொண்டு ஒருவாறு இறங்கினேன். மல்லாந்து படுக்கச் சொன்னார். படுத்தேன். கூரையில் ஒரு விசிறி சுற்றியது.

"கதிரையைத் தொடாம ஒருக்கா எழும்பிப் பாருங்கோ, அங்கிள்."

வயிற்றை எக்கினேன். தலையும் தோளும் ஓரங்குலம் கிளம்பி மறுபடி விழுந்தன. கால்களை வீசிப் பார்த்தேன். கையை ஊன்றினேன், ஊன்றிய கை பாயோடு வழுக்கியது. பக்கவாட்டில் திரும்ப முயன்றபோது தொடையில் சுளுக்குப் பிடித்தது. நான் மறுபடி மல்லாந்து கிடந்தேன். மூச்சு வாங்கியது. ஒரு நோயும் இல்லை, முறிவு இல்லை, யாரும் என்னைக் கட்டிப் போடவும் இல்லை. ஆனால் என்னால் நிலத்தை விட்டு எழும்ப முடியவில்லை.

பக்கத்துப் பாயில் என் மனைவி படுத்திருந்தாள். தலையை மட்டும் திருப்பி என்னைப் பார்த்தாள். அப்போதுதான் எனக்கு அந்தக் குளியலறை நிலம் முதுகில் பட்டது. ஈரம், சவர்க்கார வாசம், கதவுக்கு வெளியே கிரிக்கெட் சத்தம். கண் கலங்கிவிட்டது. மல்லாந்து கிடந்தால் கண்ணீர் காதுக்குள்தான் போகும். துடைக்கக் கை எடுத்தேன், வியர்வை என்று பிசியோ நினைத்திருப்பார்.

அவர் எனக்குக் கை கொடுக்கவில்லை. பக்கத்தில் முழந்தாளிட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகச் சொன்னார். "அவசரப்படாதேங்கோ. முதல் மூச்சை விடுங்கோ. எங்கயாவது நோகுதோ எண்டு பாருங்கோ. ஒரு முழங்காலை மடியுங்கோ. அந்தப் பக்கமே உருளுங்கோ. முழங்கையை ஊண்டுங்கோ. இப்ப கை, முழங்கால், நாலிலயும் வாங்கோ. கதிரை வரைக்கும் தவழுங்கோ." தவழ்ந்தேன். அறுபத்தாறு வயதில் நாலு பேர் பார்க்கத் தவழ்ந்தேன். கதிரையில் இரண்டு கையும் வைத்து, ஒரு பாதத்தை முன்னால் ஊன்றி, தள்ளி எழும்பி, திரும்பி உட்கார்ந்தேன். மனைவிக்கு உள்ளங்கையில் பாரம் போடாமல் முன்னங்கையை ஊன்றச் சொல்லிக் கொடுத்தார். அவள் என்னைவிடச் சுத்தமாக எழும்பினாள்.

வகுப்பு முடிந்து காலி வீதியில் ஒரு சைவக் கடைக்குப் போனோம். இரண்டு வடை, இரண்டு பிளேன் டீ.

"அண்டைக்குப் பாத்ரூமில எப்படி எழும்பினனீர்?" என்று கேட்டேன்.

"வாளியைக் கவிட்டு வைச்சு அதில கையை ஊண்டினன். ரெண்டு தரம் சறுக்கிப்போட்டுது. பிறகு சரி வந்துது."

"அவ்வளவு நேரமும் என்ன நினைச்சுக்கொண்டு கிடந்தனீர்?"

அவள் வடையைப் பிய்த்தாள். பிறகு, இன்றைக்கு என்ன கறி என்று சொல்வது போலச் சாதாரணமாகச் சொன்னாள்:

"நீங்கள் கதவைத் திறந்திடக் கூடாது எண்டு மன்றாடிக்கொண்டு கிடந்தன்."

எனக்கு விளங்கவில்லை. "ஏன்?"

"திறந்தா அதோட சரி. பிறகு என்னை எங்கயாவது விடுவீங்களோ?"

"நான் என்ன காவல்காரனோ?"

"மாமிக்கு நீங்கள் செய்ததை நான்தானே பக்கத்தில நிண்டு பாத்தனான்."

அம்மாவை நான் பார்த்துக்கொண்டது எங்கள் தொடர்மாடி முழுக்கத் தெரிந்த விடயம். அப்பா போன பிறகு அம்மா எங்களோடுதான் இருந்தார். எழுபத்தொரு வயதில் ஒருநாள் படியடியில் விழுந்தார். எலும்பு ஒன்றும் முறியவில்லை, நெற்றியில் ஒரு வீக்கம் மட்டும். நான் அன்றைக்கே முடிவெடுத்தேன். படி இறங்கக் கூடாது. குசினிக்குள் வரக் கூடாது. தனியாகக் குளிக்கக் கூடாது. கட்டிலுக்குப் பக்கத்திலேயே கக்கூஸ் கதிரை. பகலில் பார்த்துக்கொள்ள ஒரு பெண். முதல் வருடம் அம்மா ஞாயிற்றுக்கிழமைகளில் பூசைக்குப் போகக் கேட்டார். நான் சுவாமியாரை மாதத்துக்கு ஒருமுறை வீட்டுக்கு நற்கருணை கொண்டுவர ஒழுங்கு செய்தேன். இரண்டாம் வருடம் அம்மா கேட்கவில்லை. கால்கள் மெலிந்து, தோல் மட்டும் தொங்கியது. மூன்றாம் வருடம் எழுப்பிவிட்டாலும் நிற்க முடியவில்லை. ஆறு வருடம். அந்தப் படிகளில் அம்மா அடுத்த முறை இறங்கியது பெட்டியில்தான். அடக்கத்தன்று ஒவ்வொருவராக வந்து என் கையைப் பிடித்து, "உம்மைப் போல ஒரு மகன் கிடைக்க வேணும்" என்றார்கள். நான் அதை நம்பினேன்.

"நான் அம்மாவைப் பாத்த மாதிரி ஆர் பாத்தது?" என்று கேட்டேன். பக்கத்து மேசையில் இருந்தவர்கள் திரும்பினார்கள்.

"ஓம். நல்லாத்தான் பாத்தனீங்கள். நான் இல்லையெண்டு சொல்லேல்லை." அவள் குரலைத் தாழ்த்தினாள். "ஆனா மாமி விழுந்ததால நடக்காமப் போகேல்லை. இருத்தி வைச்சதால நடக்காமப் போனவ."

"அப்ப ஏன் அந்த நேரம் சொல்லேல்லை?"

"உங்கட அம்மா. நான் என்னெண்டு சொல்லுறது?"

முகத்தில் அறைந்த மாதிரி என்று எழுதினால் அது போதாது. அறை பட்டால் எங்கே பட்டது என்றாவது தெரியும். நான் அந்தக் கடையில் கிளாசைப் பிடித்தபடி இருந்தேன். டீ ஆறிப்போனது. என் மனைவி பத்து வருடமாக அதை மனதில் வைத்திருக்கிறாள். அதை வைத்துக்கொண்டுதான் எனக்குச் சமைத்திருக்கிறாள், என்னோடு சிரித்திருக்கிறாள், விழுந்து எழும்பி இந்தா வாறன் என்று சொல்லியிருக்கிறாள். விழுவதைவிட அவள் பயந்தது என்னைப் பார்த்து.

பஸ்ஸில் வீட்டுக்குத் திரும்பினோம். புறக்கோட்டையில் மாறும்போது அவள் இறங்குவதற்குக் கை நீட்டினேன். பிறகு என்ன நினைத்தேனோ, கையை இழுத்துக்கொண்டேன். அவள் கம்பியைப் பிடித்துத் தானே இறங்கினாள்.

அடுத்த செவ்வாய் வகுப்புக்கு முன்பே போய், பிசியோவைத் தனியாகப் பிடித்துக் கேட்டேன். எழுபத்தொரு வயதில் அம்மாவை இங்கே கூட்டிவந்திருந்தால்?

"எனக்குத் தெரியாது அங்கிள்," என்றார். "சில வேளை இன்னும் கொஞ்ச வருசம் பூசைக்குப் போயிருப்பா. சில வேளை இல்லை. பாக்காம நான் சொல்லக் கூடாது." பொய் சொல்லித் தேற்றாததற்கு அவருக்கு நான் நன்றி சொல்ல வேண்டும். அன்றைக்குச் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து அம்மாவின் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தேன்.

அதற்குப் பிறகு வீட்டில் சில மாற்றங்கள் வந்தன. குளியலறையில் சுவரைத் துளைத்து இரண்டு பிடிகம்பி. வாசலில் கிடந்த, ஓரம் சுருண்ட கால்மிதியை எறிந்தோம். மாடிப்படியில் எரியாமல் கிடந்த பல்பை, தொடர்மாடிச் சங்கத்தைப் பார்த்துக்கொண்டிராமல் நானே மாற்றினேன். என்னுடைய பிரஷர் குளிசைகளைப் பார்த்துவிட்டு, கட்டிலிலிருந்து எழும்பினால் ஒரு நிமிடம் விளிம்பில் இருந்துவிட்டுத்தான் நிற்க வேண்டும் என்று பிசியோ சொல்லியிருந்தார். தலைசுற்று இருந்தால் டொக்டரிடம் சொல்லவும் சொன்னார். காலையில் கேத்தில் கொதிக்கும் வரை இரண்டு பேரும் குசினி மேடையைப் பிடித்துக்கொண்டு கொக்கு மாதிரி நிற்போம். எதிர் வீட்டு மனுசி ஒருநாள் யன்னலால் பார்த்துவிட்டு, "என்ன நேர்த்திக்கடனோ?" என்று கேட்டாள்.

நாலு மாதத்தில் நான் பதினொரு விநாடிக்கு வந்தேன். என் மனைவி இருபத்தாறு. ரை கட்டிய பெரியவர் தட்டோடும் பதினெட்டு நின்றார், அன்றைக்கு எல்லோருக்கும் கேக் வாங்கிக்கொண்டு வந்தார்.

பிறகு ஒரு வெள்ளிக்கிழமை எனக்குக் காய்ச்சல். அவள் உடுத்திக்கொண்டு வந்து கட்டிலடியில் நின்றாள்.

"நான் போட்டு வாறன்," என்றாள்.

தனியாக. இரண்டு பஸ். புறக்கோட்டைச் சனநெரிசலில் மாறி. வேண்டாம் என்ற சொல் என் வாய்வரை வந்தது. "ஃபோனைக் கொண்டு போம்" என்று மட்டும் சொன்னேன். கதவு சாத்தும் சத்தம், படியில் அவள் கால் சத்தம், முதல் வளைவு, இரண்டாம் வளைவு. கீழே இரும்புக் கேட் உரசும்வரை கேட்டுக்கொண்டு படுத்திருந்தேன்.

பதினொன்றரைக்கு ஃபோன் அடித்தது.

"இஞ்சாருங்கோ. நான் விழுந்திட்டன்."

நான் எழும்பி நின்றுவிட்டேன். ஒரு நிமிடம் இருக்க வேண்டும் என்பதெல்லாம் மறந்துபோனது. அறை சுற்றியது, அலுமாரியைப் பிடித்துக்கொண்டேன். "எங்க? எங்க நிக்கிறீர்? என்ன நடந்தது? நான் வாறன், அசையாம நில்லும், ஓட்டோ பிடிச்சு..."

"பொறுங்கோ, பொறுங்கோ. எழும்பிட்டன். கிளாஸ் முடிஞ்சு வரேக்க, ஒழுங்கை முடக்கில. செருப்புக் கழண்டிட்டுது. முழங்கால்தான் உரஞ்சுப்பட்டது. ஆரோ ஓடி வந்தவை, நான்தான் வேண்டாம் எண்டிட்டன். மதிலைப் பிடிச்சு நானே எழும்பினன்."

"கை?"

"கையை ஊண்டேல்லை. உருண்டனான்."

நான் கட்டிலில் இருந்தேன். அவள் விழுந்தது ஒரு பக்கம். அதைவிட, அவள் எனக்கு ஃபோன் எடுத்துச் சொல்லிக்கொண்டிருக்கிறாள் என்பது மெதுவாகத்தான் எனக்கு உறைத்தது.

"வரட்டோ?" என்று கேட்டேன்.

"வேண்டாம். காய்ச்சலோட எங்க வரப்போறீங்கள்? இடியப்பம் வாங்கிக்கொண்டு வாறன். சொதி வேணுமோ?"

"ஓம்," என்றேன்.

ஒரு மணிக்கு வந்தாள். வழமையைவிடக் கொஞ்சம் மெதுவாக, ஆனால் நடுவில் நிற்காமல் படியேறி வந்தாள். கதிரையில் இருத்தி, சேலையை உயர்த்தி முழங்காலைப் பார்த்தேன். ஒரு ரூபாய் நாணயக் குற்றி அளவு தோல் உரிந்திருந்தது. சுடுதண்ணீரில் பஞ்சை நனைத்துத் துடைத்தேன். எரிந்தபோது பல்லைக் கடித்தாள், சத்தம் போடவில்லை.

"இனி..." என்று தொடங்கினேன்.

என் கைக்குள் இருந்த அவள் கால் இறுகியது. நிமிர்ந்து பார்த்தேன். அவள் மூச்சை அடக்கிக்கொண்டு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இனி அந்தச் செருப்பைப் போடாதேயும். குதியில வார் இருக்கிறதா ஒண்டு வாங்குவம்."

கால் தளர்ந்தது.

"நானே பாத்து வாங்குறன்," என்றாள். "செவ்வாய்க்கிழமை கிளாசுக்குப் போகேக்க. வெள்ளவத்தையில ஒரு கடை இருக்கு. நீங்கள் கூட்டிக்கொண்டு போற கடையில எல்லாம் கிழடுகளுக்கு விக்கிறதுதான்."

இடியப்பப் பார்சலைப் பிரித்தாள். சொதி கொஞ்சம் பைக்குள் ஊற்றுப்பட்டிருந்தது. மிச்சத்தை இரண்டு பேரும் பகிர்ந்துகொண்டோம்.